கேட்டுக்கொண்டால் போதுமா? வாஷிங்டனின் ஹிஸ்பானிக் விவகார ஆணையம் பற்றிச் சில எண்ணங்கள்

2014 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் மெட்ஹவ் பள்ளத்தாக்கில் மின்னல் விழுந்து நாலைந்து இடங்களில் காட்டுத்தீ பிடித்தது. சில நாட்களில் அவை ஒன்றாகச் சேர்ந்து, இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. பட்டேரோஸ் என்ற சின்ன ஊரில் தெருத் தெருவாக வீடுகள் சாம்பலாயின. மொத்தத்தில் 300 வீடுகளுக்கு மேல் போயின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த அறிவிப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வந்தன. அந்தப் பகுதியின் ஆப்பிள், செர்ரித் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். தீ எந்தப் பக்கம் வருகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை.

மூன்று வருடம் கழித்து, 2017-ல், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒரு ஊரிலோ கவுண்டியிலோ (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆங்கிலம் சரிவரத் தெரியாத ஒரு மொழிக் குழு மக்கள்தொகையில் 5 சதவீதமோ 1,000 பேரோ, எது குறைவோ அந்த அளவுக்கு இருந்தால், உயிருக்கு ஆபத்தான நேரங்களில் அவர்களுக்கு அவர்கள் மொழியில் எப்படித் தகவல் சொல்வது என்பதை அவசரகாலத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். படித்தால் இது இவ்வளவு நாள் இல்லாமல் போயிற்றா என்றுதான் தோன்றும். ஆனால் தோட்டத்தில் ஏணி மேல் நிற்கிற ஒருவரின் பயம், மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டப் புத்தகத்தின் ஒரு பிரிவாக மாறுவதற்கு எத்தனை பேர் எத்தனை கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது என்று யோசித்தால் மூன்று வருடம் அதிகமில்லை என்றும் தோன்றும்.

அந்தக் கதவுகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். வாஷிங்டன் மாநில அரசுக்குள் ஹிஸ்பானிக் விவகார ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. சியாட்டிலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம்மவர்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நானும் காஸ்கேட் மலைக்கு இந்தப் பக்கம் பல வருடம் இருந்த பிறகுதான், மலைக்கு அந்தப் பக்கம் யாக்கிமா பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் வழியாக அதைத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து அதன் வேலைகளைக் கவனித்து வருகிறேன்.

அமைப்பு எளிமையானது. ஆளுநர் நியமிக்கும் 11 உறுப்பினர்கள். (இங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் ஊர் முதலமைச்சரின் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.) உறுப்பினர்களுக்கு மூன்று வருடப் பதவிக்காலம், சம்பளம் கிடையாது, பயணச் செலவு மட்டும் கிடைக்கும். மாநிலத்தில் எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள், என்ன தொழில், ஆணா பெண்ணா, என்ன வயது என்றெல்லாம் பார்த்து முடிந்தவரை சமமாக நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அன்றாட வேலைக்கு ஒரு நிர்வாக இயக்குநரும் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஊழியர்களும். வேலை என்ன? லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களின் தேவைகளையும் உரிமைகளையும் ஆராய்ந்து, ஆளுநருக்கும் அரசுத் துறைகளுக்கும் ஆலோசனை சொல்வது. அவ்வளவுதான். சட்டம் இயற்ற முடியாது. ஒரு துறையின் உத்தரவை நிறுத்திவைக்க முடியாது. ஒரு டாலர் மானியம்கூடத் தன் இஷ்டத்துக்கு ஒதுக்க முடியாது.

இப்படிப் பல்லில்லாத ஒன்று எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

யாக்கிமா பள்ளத்தாக்குக்கு மெக்சிகோ வம்சாவளியினர் பெரிய எண்ணிக்கையில் வரத் தொடங்கியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். உள்ளூர் ஆண்கள் போருக்கும் விமானத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். அறுவடைக்கு ஆள் இல்லை. 1942-ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட பிராசெரோ ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கான ஆண்கள் தற்காலிகத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்டார்கள். இன்னொரு பக்கம் டெக்சாசிலிருந்து குடும்பம் குடும்பமாக லாரிகளிலும் பழைய கார்களிலும் வந்தவர்கள். அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். சர்க்கரை எடுக்கும் பீட்ரூட், ஆஸ்பராகஸ், பீருக்குப் போடும் ஹாப்ஸ், அப்புறம் ஆப்பிள். சன்னிசைடு, டாப்பனிஷ், கிரேஞ்சர் என்று வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன ஊர்களில் அவர்கள் தங்கிவிட்டார்கள்.

தங்கினார்களே தவிர, அரசாங்கத்தின் கண்ணில் படவில்லை. வாக்காளராகப் பதிய வேண்டுமானால் ஆங்கிலம் படிக்கவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும் என்று வாஷிங்டன் மாநில அரசமைப்பிலேயே அப்போது விதி இருந்தது. இதை எதிர்த்து யாக்கிமாவின் மெக்சிகன் அமெரிக்கர்கள் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1969-ல் அங்கே தோற்றார்கள். 1970-ல் வாக்குரிமைச் சட்டத்தை நீட்டித்தபோது நாடாளுமன்றம் இப்படிப்பட்ட எழுத்தறிவுச் சோதனைகளை நாடு முழுவதும் நிறுத்திவைத்தது. அப்புறம்தான் வழி பிறந்தது. அமெரிக்கக் குடிமகனாகப் பிறந்து, வரி கட்டி, பிள்ளையை வியட்நாம் போருக்கு அனுப்பிய ஒரு தகப்பன் 1968-ல் யாக்கிமாவில் ஓட்டுப் போட முடியாமல் இருந்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதே வருடங்களில் வேறு சில காரியங்களும் நடந்தன. 1967-ல் டாப்பனிஷில் தோமாஸ் வில்லானுவேவா, குவாதலூப்பே காம்போவா போன்ற இளைஞர்கள் பண்ணைத் தொழிலாளர்களுக்கான கூட்டுறவுக் கடையை ஆரம்பித்தார்கள். 1968-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர் சங்கம் பள்ளத்தாக்குக்கு ஆள் அனுப்பி 35 சிக்கானோ (மெக்சிகன் அமெரிக்க) மாணவர்களைச் சேர்த்தது. அந்தப் பிள்ளைகள் சியாட்டில் வளாகத்துக்கு வந்ததும் முதலில் கையில் எடுத்தது பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஆதரவான கலிபோர்னியாத் திராட்சைப் புறக்கணிப்பு. பல்கலைக்கழக உணவகங்களில் திராட்சையே வைக்கக் கூடாது என்று போராடி 1969-ல் ஜெயித்தார்கள். ஹாப்ஸ் பண்ணைகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இந்தச் சூழலில்தான், ஆளுநர் டேன் எவன்ஸ் காலத்தில், 1971-ல், மெக்சிகன் அமெரிக்க விவகார ஆணையம் பிறந்தது. 1987-ல் அதற்கு இன்றைய பெயர் வைத்தார்கள். எவன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர் என்பதை இன்றைய அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடு முழுக்கவே அது அப்படியொரு காலம். 1967-ல் ஜனாதிபதி ஜான்சன் மெக்சிகன் அமெரிக்கர்களுக்காக மத்திய அரசில் ஒரு குழு போட்டார். நிக்சன் காலத்தில், 1969-ல், அது ஸ்பானிய மொழி பேசும் எல்லோருக்குமான அமைச்சரவைக் குழுவாகச் சட்டப்படி மாறியது. 1974 முடிவில் காலாவதியானது. நீட்டிக்கவில்லை. ஆனால் மாநிலங்களில் விதைத்தது வேரூன்றிவிட்டது. 1972-ல் நெப்ராஸ்கா, 1976-ல் அயோவா, 1978-ல் மினசோட்டா என்று ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு கவுன்சிலோ ஆணையமோ வைத்துக்கொண்டது. பெரும்பாலும் பண்ணையும் இறைச்சி ஆலையும் இருக்கிற மாநிலங்கள். கலிபோர்னியா, டெக்சாஸ் மாதிரி ஓட்டு பலம் இருக்கிற இடத்தில் சட்டமன்ற உறுப்பினர் மூலமாகவே காரியம் நடக்கும். எண்ணிக்கை குறைவாக, சிதறிக் கிடக்கிற இடத்தில்தான் இப்படி ஒரு வாசல் தேவைப்பட்டது என்பது என் கணிப்பு.

அந்த மக்களை யாரும் ஒழுங்காக எண்ணிக்கூடப் பார்த்திருக்கவில்லை. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் வம்சாவளியா என்ற கேள்வி 5 சதவீத வீடுகளில் மட்டும் கேட்கப்பட்டது. 1976-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகு, 1980-ல்தான் எல்லோரிடமும் கேட்டார்கள். அதுவரை ஒரு கவுண்டியில் இவர்கள் எத்தனை பேர் என்று ஒரு அதிகாரியிடம் கேட்டால் அவர் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். ஆகவே இந்த ஆணையங்களின் முதல் வேலையே, இத்தனை பேர் இங்கே இருக்கிறோம் என்று அரசாங்கத்துக்கு நிரூபிப்பதாக இருந்தது. 2020 கணக்கெடுப்பில் வாஷிங்டனின் லத்தீனோ மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. யாக்கிமா கவுண்டியில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

ஆணையத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நான் போன ஒரு கூட்டம் பள்ளத்தாக்கில் ஒரு சமுதாயக் கல்லூரியின் வகுப்பறையில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாசலில் ஒரு மேசை, பெயர் எழுத ஒரு தாள், பக்கத்தில் அட்டைப்பெட்டி நிறையக் காதில் மாட்டும் கருவிகள். பொதுவாக இந்த ஊர் அரசுக் கூட்டங்களில் ஆங்கிலம் தெரியாதவர்கள்தான் அதை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் எல்லோரும் ஸ்பானிய மொழியில் பேச ஆரம்பித்தார்கள். ஒலிம்பியாவிலிருந்து வந்திருந்த துறை அதிகாரிகள் அவசரமாகக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். மூலையில் உட்கார்ந்து ஒரு பெண்மணி தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

ஆப்பிள் தரம் பிரிக்கும் ஒரு ஆலையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் எழுந்தார். வேலை முடிந்து நேராக வந்திருப்பார் போல, காலில் ரப்பர் பூட்ஸ் இருந்தது. மருத்துவமனையில் மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று சொல்லி, பத்து வயது மகளை வைத்தே டாக்டர் தன் கர்ப்பப்பைப் பிரச்சினையைப் பேசினார் என்றார். மகளுக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதியைச் சொல்ல வெட்கம் என்றார். அறையில் சத்தமே இல்லை. மத்திய அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் இப்படிக் குழந்தையை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது, உயிர்போகும் அவசரத்தில் மட்டும்தான் விலக்கு. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. அந்த மருத்துவமனைக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

ஆணைய உறுப்பினர் ஒருவர் உடனே ஆறுதல் சொல்லத் தொடங்கவில்லை. எந்தத் தேதி, எந்தப் பிரிவு, கையில் ஏதாவது காகிதம் இருக்கிறதா, மறுபடி எப்போது போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊழியர் எழுதிக்கொண்டார். பிறகு உறுப்பினர் சுகாதாரத் துறையிலிருந்து வந்தவரைப் பார்த்து, இந்த வருடம் இதுபோல எத்தனை புகார் உங்களுக்கு வந்தது என்று கேட்டார். அந்த அதிகாரியிடம் பதில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றார். இதே கேள்வியை அந்த அம்மா தனியாக ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டிருந்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். இங்கே கேட்டவர் ஆளுநர் நியமித்த ஆணையர். மாநிலத் துறைகள் ஆணையத்துக்கு வேண்டிய உதவியைச் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் ஆணையத்தின் உயிர் இருக்கிறது.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் கவனித்தேன். பின்வரிசையில் இருந்த சிலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழி. மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியிலிருந்து வந்த மிஷ்தெக்கோ மொழிக்காரர்கள். அவர்களுக்குக் காதில் மாட்ட எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் அவ்வப்போது காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். லத்தீனோ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். டெக்சாசிலிருந்து வந்து நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் பள்ளி ஆசிரியர், போன வருடம் தற்காலிகப் பண்ணை வேலைக்கான ஹெச்-2ஏ விசாவில் வந்து தோட்டக்காரர் கொடுத்த விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர், மலையிலிருந்து இறங்கி வந்த பழங்குடிப் பெண் எல்லோரும் இந்த 11 பேர் வழியாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. 11 பேரில் வழக்கறிஞரும் கல்லூரி நிர்வாகியும் இருப்பார்கள், மிஷ்தெக்கோக்காரர் இருப்பது அபூர்வம். வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லாதவர் மாநிலத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் எப்படிக் கூட்டத்துக்கு வருவார்? 2022-ல் வாஷிங்டன் சட்டமன்றம் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. அரசுக் குழுக்களில் உட்காரும் குறைந்த வருமானக்காரர்களுக்கும், பேசப்படும் பிரச்சினையை நேரில் அனுபவித்தவர்களுக்கும் நாளுக்கு 200 டாலர் வரை படி கொடுக்க ஒரு சட்டம் வழி செய்தது. நல்ல ஆரம்பம்.

சமூகத்துக்குள்ளேயே கருத்து பிளவுபடும் இடங்களும் உண்டு. பண்ணைத் தொழிலாளர்களின் ஓவர்டைம் அதற்கு நல்ல உதாரணம். 1938-ல் மத்திய அரசு வாரத்துக்கு இத்தனை மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி என்று சட்டம் கொண்டுவந்தபோது விவசாயத் தொழிலாளர்களை வெளியே விட்டுவிட்டது. 80 வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பால் பண்ணைத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் 2020 நவம்பரில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், அவர்களுக்கு மட்டும் ஓவர்டைம் மறுப்பது மாநில அரசமைப்புக்கு விரோதம் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2021-ல் சட்டமன்றம் மற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கும் அதைப் படிப்படியாக நீட்டித்தது. 2022-ல் 55 மணி நேரத்துக்கு மேல், 2023-ல் 48-க்கு மேல், 2024-லிருந்து 40-க்கு மேல்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் தோட்ட முதலாளிகள் பலர் 40 மணி நேரத்தோடு ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அறுவடைக் காலத்தில் வாரம் 60 மணி நேரம் உழைத்து வருடம் முழுக்கக் குடும்பம் நடத்தியவர்களில் சிலர், எங்கள் கைக்கு வருகிற பணம் குறைந்துவிட்டது, அறுவடை மாதங்களில் மட்டும் வரம்பைக் கூட்டுங்கள் என்று ஒலிம்பியாவில் வந்து சொன்னார்கள். தொழிலாளர் சங்கங்கள் முடியவே முடியாது என்றன. இரண்டு பக்கமும் பேசியவர்கள் அதே மொழி, அதே தோட்டம், சில சமயம் அதே குடும்பம். என் மனசு சங்கங்களின் பக்கம்தான். மற்ற எல்லாத் தொழிலாளிக்கும் இருக்கிற உரிமையை இவர்களுக்கு மட்டும் பருவம் பார்த்துக் கொடுப்பது என்றால், விட்டுப்போன அந்த 80 வருடத்தைத் திரும்பக் கொண்டுவருவதாகத்தான் ஆகும். ஆனாலும் கூலி குறைந்தது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஒரு ஆலோசனை ஆணையம் நேர்மையாக இருந்தால் இந்த இரண்டையும் ஆளுநர் மேசையில் வைக்க வேண்டும். சமூகத்தின் ஒரே குரல் இதுதான் என்று அழகாக மடித்துக் கொடுக்கக் கூடாது.

சரி, பெரிய மாற்றங்கள் எல்லாம் நீதிமன்றத்திலும் தெருவிலும்தானே நடந்திருக்கின்றன? ஆமாம். ஓவர்டைம் வழக்கால் வந்தது. யாக்கிமா நகரமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் லத்தீனோக்கள் இருந்தும், இருந்த தேர்தல் முறையில் 37 வருடமாக ஒருவர்கூட ஜெயித்து உள்ளே போகவில்லை. எல்லா இடத்துக்கும் நகரம் முழுவதும் ஓட்டுப் போடும் முறை. பெரும்பான்மை ஒரு பக்கம் சாய்ந்தால் சிறுபான்மைக்கு ஒரு இடமும் கிடைக்காது. 2012-ல் வழக்குப் போட்டார்கள். 2014-ல் மத்திய நீதிமன்றம் இது வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. வட்டாரம் பிரித்து 2015-ல் தேர்தல் நடந்தபோது டல்சே குத்தியெரெஸ், அவினா குத்தியெரெஸ், கார்மென் மெண்டெஸ் என்று மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் உள்ளே போனார்கள். ஆணையம் 1971-லிருந்து இருக்கிறது. அது சொன்ன ஆலோசனையால் யாக்கிமா நகரமன்றம் மாறவில்லை. இதை மறைத்துவிட்டு ஆணையத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

ஆனால் வழக்கு ஒரு முறை ஜெயிக்கும். அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து அதை நடைமுறைப்படுத்துவது யார்? வெயிலில் வேலை செய்பவர்களுக்கான விதிகளை 2023-ல் மாநிலம் கடுமையாக்கியது. 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் இரண்டு மணி நேரத்துக்கு 10 நிமிடம் கட்டாய ஓய்வு. காட்டுத்தீப் புகைக்கான நிரந்தர விதி 2024 ஜனவரியில் வந்தது. காகிதத்தில் இரண்டுமே நல்ல விதிகள். தோட்டத்தில் மேஸ்திரிக்கு அது தெரியுமா, தெரிந்தாலும் கொடுக்கிறாரா, கொடுக்காவிட்டால் ஸ்பானிய மொழியில் புகார் சொல்ல நம்பர் இருக்கிறதா, அந்த நம்பரைக் கூப்பிட்டால் யாராவது எடுக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. மாதா மாதம் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்க அரசாங்கத்துக்கு உள்ளேயே ஒருவர் வேண்டும். வெளியே நின்று கேட்பதற்கும் கிரேஞ்சரில் 1979-லிருந்து ஸ்பானிய மொழியில் ஒலிபரப்பும் ரேடியோ கேடிஎன்ஏ மாதிரி அமைப்புகள் இருக்கின்றன. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரிக்கார்டோ கார்சியா அதற்கு முன் இதே ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர். உள்ளேயும் வெளியேயும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்த காலத்தில்தான் இரண்டுமே நன்றாக வேலை செய்திருக்கின்றன.

மற்ற மாநிலங்களின் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கிறது. மினசோட்டாவில் 2014-ல் சட்டமன்றத் தணிக்கையாளர் அலுவலகம் அந்த மாநிலத்தின் லத்தீனோ, கறுப்பின, ஆசிய, பழங்குடிக் கவுன்சில்கள் நாலையும் எடுத்து ஆராய்ந்தது. தெளிவான இலக்கு வைத்துக்கொள்ளவில்லை, கொள்கை வகுப்பவர்களோடு போதிய தொடர்பு இல்லை என்று பளிச்சென்று எழுதியது. படித்தபோது வருத்தமாக இருந்தது, ஆனால் சொன்னது சரி. அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். லத்தீனோ கவுன்சிலுக்குப் புதுப் பெயர், உறுப்பினர்களில் சட்டமன்ற உறுப்பினர்களும் உண்டு, நிர்வாக இயக்குநரை நியமிப்பது சட்டமன்றக் குழு. கண்டித்தார்கள், திருத்தினார்கள், இழுத்து மூடவில்லை. கனெக்டிகட்டில் வேறு மாதிரி. 1994-ல் உருவான லத்தீனோ மற்றும் போர்ட்டோ ரிக்க விவகார ஆணையத்தை 2016-ல் மற்ற ஆணையங்களோடு சேர்த்தார்கள். 2019-ல் அதையும் இன்னொன்றோடு இணைத்தார்கள். இப்போது பெண்கள், குழந்தைகள், முதியோர், சமத்துவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆணையம். வட கரோலினாவில் 1998-ல் ஆளுநர் ஜிம் ஹன்ட் வைத்த கவுன்சில் அவரது நிர்வாக உத்தரவால் வந்தது. உத்தரவால் வருவது அடுத்தடுத்த ஆளுநர்களின் விருப்பத்தை நம்பித்தான் இருக்க முடியும். சட்டப் புத்தகத்தில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, ஏன் எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் வாஷிங்டனில் இது சட்டமாக இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மக்களில் கணிசமானவர்களிடம் குடியேற்ற ஆவணங்கள் இல்லை. அவர்களால் ஓட்டுப் போட முடியாது, சட்டமன்ற உறுப்பினரிடம் என் ஓட்டு உங்களுக்குத்தான் என்று சொல்லவும் முடியாது. ஆணையக் கூட்டத்தில் கையில் ஒலிவாங்கியைக் கொடுப்பதற்கு முன்னால் யாரும் காகிதம் கேட்பதில்லை. உள்ளூர்ப் போலீஸ் குடியேற்றத் துறையின் வேலையைச் செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தும் சட்டம் 2019-லேயே இங்கே வந்துவிட்டது. இருந்தாலும் மத்திய அரசின் கைது நடவடிக்கைகள் கூடும்போது, நாலு பேர் கூடும் எந்த இடத்துக்கும் வர மக்கள் பயப்படுகிறார்கள். வராதவர்களின் பேச்சையும் எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போது ஆணையத்தின் மேல் இரட்டிப்பாகிறது.

நம்மவர்களுக்கு ஒரு விஷயம். இதே வாஷிங்டனில் ஆசிய பசிபிக் அமெரிக்கர்களுக்கும் ஒரு ஆணையம் 1974-லிருந்து இருக்கிறது. ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தெல் பக்கம் இருக்கும் தமிழர்கள் அதன் வரம்புக்குள் வருகிறோம். அவசர அறிவிப்புச் சட்டத்தில் உள்ள 1,000 பேர் என்ற கணக்கு ஸ்பானிய மொழிக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும், ஆங்கிலம் பழகாத அம்மா அப்பாக்கள் ஆயிரம் பேர் ஒரு ஊரில் சேர்ந்தால் அது தமிழுக்கும் பொருந்தும். மெட்ஹவ் தீக்குப் பிறகு எழுதப்பட்ட வரி நம் வீட்டுப் பெரியவர்களையும் காப்பாற்றக்கூடும்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை இருக்கிறது. ஆணையம் எழுத்துமூலமாகச் சொல்லும் ஒவ்வொரு ஆலோசனைக்கும் சம்பந்தப்பட்ட துறை 60 நாளுக்குள் எழுத்துமூலமாகவே பதில் தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறோம் என்றால் எப்போதிலிருந்து, முடியாது என்றால் ஏன். இரண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஸ்பானிய மொழியிலும்தான். இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம், புதிய அதிகாரம்கூட வேண்டாம். அன்றைக்கு அந்தக் கல்லூரி வகுப்பறையில், பார்த்துச் சொல்கிறேன் என்று அதிகாரி சொன்னாரே, அதற்கு ஒரு தேதி குறிக்கும் வரி அது. இதை எழுதி ஆணையத்துக்கும் என் தொகுதியின் மூன்று சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். வாஷிங்டனில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் உங்கள் உறுப்பினர்களுக்கும் எழுதுங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்குகிறது. மசோதாவாக வர வேண்டுமென்றால் அதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.